பெருவிரலுக்கு எட்டும் அழகு

மாஸ்பெர்க் 500 துப்பாக்கியைத் தோளில் ஏற்றியதும் பெருவிரல் தானாகப் போய் அமரும் இடத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. இயந்திரப் பெட்டியின் முதுகில், கட்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால் அது இருக்கும். முன்னே தள்ளினால் அதன் அடியிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி வெளிப்படும். துப்பாக்கி சுடத் தயார். பின்னே இழுத்தால் புள்ளி மறையும். இனி விசையை அழுத்தினாலும் சுடாது. வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் அது ஒன்றுபோலவே எட்டும். இருட்டில் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. பெருவிரல் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கம் இருக்கிறதா என்பதே துப்பாக்கியின் நிலையைச் சொல்லிவிடும்.

அமெரிக்கர்கள் வீட்டுக் காவலுக்கு வாங்கும் துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குழலின் நீளத்தையும் தோட்டாவின் வேகத்தையும் சுற்றியே நடக்கிறது. எனக்கு அந்தப் பொத்தான்தான் முதலில் கண்ணில் படுகிறது. நள்ளிரவில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு எழுந்தவருக்கு நெஞ்சு படபடக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், கண் இன்னும் இருட்டுக்குப் பழகியிருக்காது. அந்த மனிதரின் கையை நினைத்துச் செய்யப்பட்ட நுணுக்கங்கள் ஒரு நல்ல வீட்டுத் துப்பாக்கியில் எத்தனையோ உண்டு. அவை அனைத்தும் ஒரே வேலையைச் செய்கின்றன: பார்க்கவும் யோசிக்கவும், தேவையில்லை என்றால் சுடாமல் இருக்கவும் அவருக்கு அவகாசம் தருகின்றன. அந்த நுணுக்கங்களை ஒவ்வொன்றாக நின்று ரசிக்கவே இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் இது சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை. 2008இல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. கைத்துப்பாக்கியும் ரைஃபிளும் அங்கே தாராளமாகக் கிடைத்தாலும், பல தலைமுறைகளாக வீட்டு அலமாரியில் இடம்பிடித்திருப்பது முன்பிடியை இழுத்துத் தள்ளி இயக்கும் பம்ப் ஷாட்கன். நம் ஊர் உரிமங்களில் எழுதப்படும் அதே 12 போர்தான். குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 1890களில் ஜான் பிரௌனிங் வின்செஸ்டர் நிறுவனத்துக்காக வடிவமைத்த 1893, 1897 மாடல்கள் இந்த வகையை நாடெங்கும் பரப்பின. 1950இல் ரெமிங்டன் 870 வந்தது. 1961இல் மாஸ்பெர்க் 500. இரண்டுமே தனித்தனியாக ஒரு கோடிக்கு மேல் விற்றவை. உலகில் வேறெந்த ஷாட்கன்னுக்கும் எளிதில் கிட்டாத எண்ணிக்கை அது.

மாஸ்பெர்க் நிறுவனத்தின் கதை எளிமையானது. ஸ்வீடனிலிருந்து குடியேறிய ஆஸ்கர் மாஸ்பெர்க் தம் இரு மகன்களுடன் 1919இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் அதைத் தொடங்கினார். உழைத்துச் சம்பாதிப்பவரின் கைக்கு எட்டும் விலையில் துப்பாக்கி செய்வது அந்த வீட்டின் வழக்கமாயிற்று. 500 மாடலை வடிவமைத்த கார்ல் பென்சன் அந்த விலைக்குள் நின்றுகொண்டே சிந்தித்தவர். இயந்திரப் பெட்டியை அவர் எஃகில் கடையவில்லை. அலுமினியக் கலவையில் அமைத்தார். கேட்பவருக்கு உடனே சந்தேகம் வரும்: வெடிக்கும் தோட்டாவின் அழுத்தத்தை அலுமினியம் தாங்குமா? தாங்க வேண்டியதே இல்லை என்பதுதான் அதன் அழகு. தோட்டாவின் பின்புறத்தை மூடும் போல்ட்டிலிருந்து எழும்பும் எஃகுக் கட்டி ஒன்று, குழலின் பின்நீட்சியில் வெட்டிய பள்ளத்தில் போய்ப் பூட்டிக்கொள்கிறது. எஃகை எஃகே பிடித்துக்கொள்வதால் அழுத்தம் முழுவதும் அங்கேயே அடங்கிவிடுகிறது. சுற்றியுள்ள பெட்டி, பாகங்களை வரிசையில் வைத்திருக்கும் வீடு மட்டுமே. வலிமை எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் அதை வைத்த சிந்தனை இது.

முன்பிடியிலிருந்து போல்ட்டுக்குச் செல்லும் கம்பிகளைப் பாருங்கள். 870இல் முதலிலிருந்தே இரண்டு கம்பிகள், குழலுக்கு அடியிலுள்ள தோட்டாக் குழாயின் இருபுறமும் ஒவ்வொன்றாக. மாஸ்பெர்க்கின் ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் ஒன்றுதான் இருந்தது. ரெமிங்டனின் காப்புரிமை முடிந்ததும், 1970இல், மாஸ்பெர்க்கும் இரண்டாக்கியது. ஒரு கம்பி என்றால், பதற்றத்தில் முன்பிடியைக் கோணலாக இழுக்கும்போது இழுப்பு ஒரு பக்கமாகப் போய் முறுக்கும்; போல்ட் தயங்கும். இரண்டு கம்பிகள் அந்தக் கோணலை விழுங்கிவிட்டு நேராக ஓடும். நிதானமாக இழுப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பதறி இழுப்பவருக்குத்தான் அந்த இரண்டாவது கம்பி.

தோட்டாவை அடியிலிருந்து செருகும் வாயில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 870இல் தோட்டாவைத் தூக்கும் தட்டு, போல்ட் மூடியிருக்கையில் கீழே தொங்கி அந்த வாயை மறைத்துக்கொண்டிருக்கும். தோட்டாவால் அதை மேலே தள்ளிக்கொண்டேதான் உள்ளே செலுத்த வேண்டும். பழகாத பெருவிரலைச் சில நேரம் அது கடித்துவிடும். மாஸ்பெர்க்கில் போல்ட் மூடியிருக்கையில் தட்டு மேலே ஒதுங்கி நிற்கிறது. வாய் முழுவதும் திறந்திருக்கிறது. தடவிப் பார்த்தாலே வழி தெரியும். பயன்படுத்திய தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கி 870இல் ஒன்று, மாஸ்பெர்க்கில் இரண்டு. அதை வெளியே எறியும் பாகம் 870இல் பெட்டியோடு தறையப்பட்டது, பழுதானால் பட்டறைக்குப் போக வேண்டும். மாஸ்பெர்க்கில் அது ஒரே ஒரு திருகில் நிற்கிறது. சமையலறை மேசையிலேயே மாற்றிவிடலாம்.

இதற்கெல்லாம் எதிர்த்தட்டில் 870க்குச் சொந்தமான ஓர் இன்பத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் செய்யப்பட்ட பழைய 870 விங்மாஸ்டர் ஒன்றின் முன்பிடியை இழுத்துப் பார்த்தவர்கள் அந்த ஓட்டத்தை மறப்பதில்லை. திண்ணிய எஃகிலிருந்து கடைந்தெடுத்த பெட்டி, ஆழ்ந்த நீலம் பாய்ச்சிய மேற்பரப்பு, வால்நட் கட்டை. உள்ளே எண்ணெயில் வழுக்குவது போன்ற சீரான நகர்வு. மாஸ்பெர்க்கின் முன்பிடி சற்று ஆடும், லேசாகக் கடகடக்கும். இலியன் ஆலை 2024இல் மூடப்பட்ட பிறகு அந்தப் பழைய 870களைத் தேடி வாங்குகிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆயினும் வீட்டுக் காவல் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் என் கை மாஸ்பெர்க்கின் பக்கமே போகும். காரணம் மீண்டும் அந்தப் பொத்தான்தான். 870இன் பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்காகச் செல்கிறது. வலக்கைக்காரர் அதைப் பெரும்பாலும் சுட்டுவிரலால் அழுத்துகிறார். விசையைத் தொட வேண்டிய விரலே காப்பையும் நீக்குகிறது. மாஸ்பெர்க்கில் வேலை இரு விரல்களுக்குப் பிரிந்திருக்கிறது. காப்பு பெருவிரலிடம், சுட்டுவிரல் வெளியே, பெட்டியின் பக்கவாட்டில் நீண்டு ஓய்வாக இருக்கலாம். பூட்டிய போல்ட்டை விடுவிக்கும் நெம்பும்கூட மாஸ்பெர்க்கில் விசைக்கூட்டுக்குப் பின்னால் இருப்பதால் நடுவிரலுக்கு எட்டுகிறது. பிடியை விட வேண்டியதில்லை.

தேர்வு முடிந்தபின் தொடங்குவது பொருத்தம் பார்த்தல். இங்கேதான் பலர் தடுக்கிவிழுகிறார்கள். திரைப்படங்களைப் பார்த்து, கைத்துப்பாக்கியைப் போலப் பிடிக்கும் செங்குத்துப் பிடியுள்ள கட்டை ஒன்றை வாங்கி மாஸ்பெர்க்கில் மாட்டுகிறார்கள். மாட்டிய கணமே பெருவிரல் கீழே இறங்கிவிடுகிறது. முதுகிலிருக்கும் பொத்தானை எட்ட வேண்டுமென்றால் பிடியை அவிழ்க்க வேண்டும். கார்ல் பென்சன் தந்த அருமையான வசதி ஒரு துணைப்பொருளால் காணாமல் போகிறது. 870க்கு அதே பிடி இவ்வளவு கெடுதல் செய்யாது. அழகான பாகம் என்று தனியாக எதுவும் இல்லை. மற்றப் பாகங்களோடு அது எப்படி உறவாடுகிறது என்பதே அதன் அழகு.

கட்டையின் நீளத்தை எடுத்துக்கொள்வோம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள தூரம் அது. லண்டனின் பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற பட்டறைகளில், மூட்டுகள் வைத்து நீட்டவும் குறுக்கவும் வளைக்கவும் முடிகிற அளவுத் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்து, வாடிக்கையாளரின் தோள், கழுத்து, கன்னம் எல்லாவற்றுக்கும் அளவெடுப்பார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதைப் போன்ற நிதானம் அது. ஆலைத் துப்பாக்கிக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. பெரிய ஆணின் உடலை மனதில் கொண்டு ஏறத்தாழ 14 அங்குலத்தில் கட்டையைப் பொருத்தி அனுப்பிவிடுகிறார்கள். வயலில் பக்கவாட்டாக நின்று பறவையைச் சுடுபவருக்கு அது சரி. வீட்டுக்குள் முழங்கையை மடக்கி, மார்பை நேராகத் திருப்பி நிற்பவருக்கு அது நீளம். துப்பாக்கியின் முன்பாரம் கையை இழுக்கும், கட்டையின் முனை அக்குளில் மாட்டும், உதை தோளின் ஓரத்தில் வந்து விழும்.

இதற்கு மேக்புல் நிறுவனத்தின் கட்டை ஓர் இனிய விடை. இடையில் செருகும் தட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் 12.5 அங்குலத்திலிருந்து 14.5 அங்குலம் வரை நீளத்தை மாற்றிக்கொள்ளலாம். நான் மதிக்கும் நுட்பம் அந்தத் தட்டுகளில் மட்டும் இல்லை, அளவைத் தேர்ந்தெடுப்பதிலும் இருக்கிறது. ஒரு வீட்டில் இருவர் அதே துப்பாக்கியைக் கையாளக்கூடும் என்றால், குள்ளமானவருக்கு ஏற்றபடிதான் கட்டையை வைக்க வேண்டும். நெட்டையானவர் குட்டையான கட்டையோடு சமாளித்துக்கொள்வார். குள்ளமானவரால் நீளமான கட்டையோடு ஒன்றும் செய்ய முடியாது. கணவர் தம் தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி மனைவிக்கு உதவாது. மனைவியின் தோளுக்கு அளவெடுத்தது இருவருக்கும் உதவும். கட்டையின் பின்முனையில் இருக்கும் ரப்பர் மெத்தையையும் தடவிப் பாருங்கள். நல்லதில் மேல்விளிம்பு உருண்டு வழவழப்பாக இருக்கும்; தோளுக்கு ஏற்றும்போது இரவு உடையில் சிக்காது. அடிப்பகுதி மென்மையாக இருக்கும், உதையை வாங்கிக்கொள்ளும்.

உதையை அஞ்சுபவருக்கு 12 போரை வற்புறுத்துவதும் சரியில்லை. 20 போர், அதாவது சுமார் 15.6 மில்லிமீட்டர் குழல், குறைந்த ஈயத்தை எறிகிறது; அதற்கேற்ப மெல்ல உதைக்கிறது. குட்டையான கட்டையுடன் பேண்டம் என்ற பெயரில் மாஸ்பெர்க் விற்கும் 20 போர் துப்பாக்கி, இளையோரின் முதல் துப்பாக்கியாக வந்தது. சிறிய உடலுள்ள பெரியவர்கள் வீட்டுக் காவலுக்கும் அதை விரும்பி வாங்குகிறார்கள். உதைக்குப் பயந்து பயிற்சியைத் தள்ளிப்போடும் ஒருவரிடம் இருக்கும் 12 போரைவிட, மாதந்தோறும் சுகமாகச் சுட்டுப் பழகும் ஒருவரிடம் இருக்கும் 20 போர் மேல்.

குழலைப் பொறுத்தவரை சட்டமே ஒரு வடிவத்தைத் தந்திருக்கிறது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன் குழலுக்குத் தனிப் பதிவு வேண்டும். அதனால் பல ஆலைகள் 18.5 அங்குலத்தில் நிறுத்துகின்றன. அளவெடுப்பில் வரும் சிறு வேறுபாட்டுக்கு அரை அங்குலம் இடம் விட்ட எச்சரிக்கை அது. அதே 500 துப்பாக்கிக்கு 28 அங்குல வேட்டைக் குழலும் 18.5 அங்குலக் காவல் குழலும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்பதும் உண்டு. குழலின் அடியிலுள்ள திருகைக் கையாலேயே கழற்றி, ஒன்றை எடுத்து மற்றதைச் செருகி, மீண்டும் முடுக்கினால் வேலை முடிந்தது. இலையுதிர் காலத்தில் வாத்து வேட்டைக்கும் மற்ற மாதங்களில் வீட்டுக்கும் ஒரே கட்டை, ஒரே விசை, ஒரே பொத்தான். கைக்குப் புதிதாக எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம்: விளக்கு. துணைப்பொருள் ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இதைத்தான் வாங்க வேண்டும். வீட்டுக்குள் நிற்பது யார் என்று தெரியாமல் சுட்டவர்களின் துயரங்கள் அமெரிக்க நாளேடுகளில் வந்துகொண்டே இருக்கின்றன. சொல்லாமல் ஊரிலிருந்து வந்த மகன், தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி, குடிபோதையில் கதவு மாறி நுழைந்த பக்கத்து வீட்டுக்காரர். ஷ்யூர்ஃபயர் நிறுவனம் முன்பிடியையே விளக்காக்கி விற்கிறது. கம்பி தொங்காது, பட்டை சுற்ற வேண்டாம்; இடக்கை பிடிக்கும் இடத்திலேயே மென்மையான அழுத்துத் தகடுகள் இருக்கும். அழுத்தியிருக்கும்வரை எரியும், விட்டால் அணையும். இந்தக் குணத்தைத்தான் நான் பெரிதும் ரசிக்கிறேன். தொடர்ந்து எரியும் விளக்கு வைத்திருப்பவரின் இருப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கும். விரலின் விருப்பப்படி கணநேரம் எரிந்து அணையும் விளக்கு, பார்க்க வேண்டியதை மட்டும் காட்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விளக்கு திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். யாரென்று பார்க்கவே விளக்கைப் பாய்ச்சினால், பார்க்கப்படுபவர் நேரே குழலின் முன் நிற்பார். தேர்ந்த பயிற்சியாளர்கள் இதற்கு எளிய வழி ஒன்றைக் கற்றுத்தருகிறார்கள். குழலைத் தரையை நோக்கித் தாழ்த்தி, ஒளியைத் தரையில் விழச் செய்வார்கள். இன்றைய விளக்குகளின் வெளிச்சம் தரையிலும் சுவரிலும் சிதறி அறை முழுவதையும் நிரப்பிவிடும். முகம் தெரியும், கைகள் தெரியும், யாரையும் குறிவைக்கவில்லை. சிதறும் வெளிச்சத்தில் ஒரு குடும்பத்தின் பாதுகாப்பைக் கண்டுபிடித்தவர்களை நான் வணங்குகிறேன். படுக்கைக்கு அருகில் தனியாக ஒரு கைவிளக்கும் இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே வற்புறுத்துகிறார்கள். பெரும்பாலான இரவுச் சத்தங்களுக்கு அது மட்டுமே போதும்.

குறிபார்க்கும் மணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழலின் முனையில் ஒற்றைப் பித்தளை மணி இருந்தால் வீட்டுத் தூரத்துக்குப் பெரும்பாலும் போதும். மங்கிய வெளிச்சத்துக்காக டிரிடியம் அடைத்த மணிகள் உண்டு. அவை தாமாக ஒளிரும், சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒளி பாதியாகக் குறையும். பின்னால் ஒரு பெரிய வளையமும் முன்னால் ஒரு தூணும் கொண்ட அமைப்பும் விரும்பப்படுகிறது. கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் வளையம் மங்கிப் புகையாகிவிடும். கண் தானாகத் தூணை அதன் நடுவில் கொண்டுபோய் வைக்கும். எதைப் பொருத்தினாலும் கன்னம் கட்டையில் பதியும் உயரமும் மணியின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் அது பொருந்தாத மணி.

தோட்டாவில் இருக்கும் கலை மனதை இன்னும் கவரும். வீட்டுக் காவலுக்குப் பலர் தேர்ந்தெடுக்கும் இரட்டைச் சுழிய எண் தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் ஈய உருண்டைகள் வழக்கமாக 9 இருக்கும். குழலை விட்டு வெளிவந்ததும் அவை விரியத் தொடங்கும். ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம் என்பது பழைய கைக்கணக்கு. விரிந்துகொண்டே போகும் கூட்டத்தில் ஒன்று விலகினாலும் அது எங்கோ ஒரு சுவரைத் தேடிப் போகும். இதைக் கட்டுப்படுத்த ஹான்ஸ் வாங் போன்ற துப்பாக்கிக் கொல்லர்கள் குழலுக்குள்ளேயே வேலை செய்தார்கள்: தோட்டா அறையிலிருந்து குழலுக்குச் செல்லும் சரிவை நீட்டி, குழலைச் சற்று அகலப்படுத்தி, ஈயம் நசுங்காமல் சேர்ந்து போக வழி செய்தார்கள். பல மணிநேரக் கடைசல் வேலை அது.

பிறகு ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கண்ட்ரோல் தோட்டா வந்து அந்த உழைப்பில் பெரும்பகுதியை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அடக்கிவிட்டது. வழக்கமான கிண்ணத்தில் முன்பக்கம் கீறல்கள் இருக்கும். வெளியே வந்ததும் அவை இதழ்களாக விரிந்து ஈயத்தை உடனே விட்டுவிடும். ஃப்ளைட்கண்ட்ரோலில் இழுத்துப் பிடிக்கும் சிறகுகள் பின்பக்கம் இருக்கின்றன. கிண்ணம் ஈயத்தைக் கட்டிப்பிடித்தபடி சற்றுத் தூரம் பறந்து, பிறகு பின்சிறகுகள் காற்றைப் பிடிக்க, நேராகப் பின்வாங்குகிறது. உருண்டைகள் கலையாமல் முன்செல்கின்றன. ஓர் அறையின் தூரத்தில் அவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதே தோட்டாவில் 9க்குப் பதில் 8 உருண்டைகள் வைத்த வகையைப் பலர் விரும்புகிறார்கள். கூட்டத்தை விட்டு விலகி ஓடும் அந்த ஒற்றை உருண்டையின் தொல்லை அதில் பெரிதும் குறைகிறது. ஒரு குண்டு குறைந்ததால் தோட்டா மேம்பட்டது. ஆனாலும் இதையெல்லாம் எழுத்தைப் படித்து நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குணம் உண்டு. படுக்கையறைக் கதவிலிருந்து கூடத்தின் கடைசிச் சுவர் வரை நாடாவால் அளந்து, அதே தூரத்தில் சுடுதளத்தில் காகிதத்தை நிறுத்திச் சுட்டுப் பார்ப்பவரே தம் துப்பாக்கியை அறிந்தவர். அமெரிக்க வீடுகளின் உள்சுவர்கள் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைகள். இந்த உருண்டைகளை அவை தடுக்காது. பிள்ளைகள் உறங்கும் அறை எந்தப் பக்கம் என்பது, எங்கே நிற்கலாம், எந்தத் திசையில் ஒருபோதும் சுடக்கூடாது என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

சேமித்து வைக்கும் நிலையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்கக் காவல் வண்டிகளிலிருந்து வந்த பழக்கம் அது: தோட்டாக் குழாயில் மட்டும் தோட்டாக்கள், தோட்டா அறை காலி, காப்பு பூட்டியது. வெறும் அறையின் மேல் விசையை ஒருமுறை தட்டி இறக்கி வைத்திருப்பதால் போல்ட் பூட்டில் நிற்காது. நெம்பைத் தேடாமல் முன்பிடியை ஒருமுறை இழுத்துத் தள்ளினால் போதும். கீழே விழுந்தாலும் வெடிக்க அறையில் தோட்டா இல்லை. தோட்டாக் குழாயின் உள்ளே தள்ளும் மூடியைப் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பச்சை நிறத்தில், நடுவில் ஒரு குழியுடன் மாற்றிக்கொள்வது மலிவான, மிகச் சிறந்த மாற்றம். குழாய் காலியானால் பகலில் நிறம் சொல்லும். இருட்டில் சுண்டுவிரல் அந்தக் குழியைத் தொட்டுச் சொல்லும்.

இத்தனையும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். திருடனைவிட வீட்டிலிருக்கும் ஒருவரின் இருண்ட இரவே பல குடும்பங்களில் பெரிய ஆபத்து. குழந்தையின் ஆர்வமும் அப்படித்தான். சுவரில் பதித்த எஃகுப் பெட்டிகளில், மின்கலம் இல்லாமல் இயங்கும் பொத்தான் பூட்டுள்ளவை எனக்குப் பிடித்தவை. எண்களைப் பார்க்க வேண்டாம். எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்துவது என்று விரல்கள் நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் போனாலும் திறக்கும். மனம் தளர்ந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த எண் வரிசையை மாற்றிவிடலாம்; துப்பாக்கியையே சில காலம் வேறிடத்தில் ஒப்படைப்பது இன்னும் நல்லது. பெட்டி, துப்பாக்கிக்கு வெளியே இருக்கும் பொருள் என்று நான் எண்ணுவதில்லை. பெருவிரல் பொத்தானைப் போல அதுவும் ஒரு காப்பு.

எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதையும் பாராட்டத் தெரிய வேண்டும். இயந்திரப் பெட்டியின் பக்கவாட்டில் 6 தோட்டாக்கள் செருகும் தாங்கி பயனுள்ளதுதான். நிறைத்தால் அது கால் கிலோவுக்கு மேல் எடையை ஒரே பக்கம் ஏற்றும். 870இல் அதன் திருகுகளை வேண்டுமட்டும் முடுக்கிவிட்டால் மெல்லிய பெட்டிச் சுவர் நெருங்கி, சீராக ஓடிய போல்ட் இழுபடத் தொடங்கும். அந்தத் திருகை எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கொல்லரே நல்ல கொல்லர். குழல்மேல் துளையிட்ட தகடு, முனையில் பற்கள், நீண்ட தோட்டாக் குழாய் என்று அடுக்கிக்கொண்டே போனால் முன்பாரம் ஏறும், கதவுநிலையில் இடிக்கும், தோளுக்கு வரத் தாமதமாகும். தேர்ந்தவர்கள் திருத்திய துப்பாக்கியைத் தள்ளி நின்று பார்த்தால் ஆலையிலிருந்து வந்ததைப் போலவே இருக்கும். குறுக்கிய கட்டை, மாற்றிய மெத்தை, ஒரு விளக்கு, நிறம் மாறிய மூடி. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்படி ஒரு துப்பாக்கியை மதிப்பிடச் சொன்னால் நான் அதன் விலையையோ பெயரையோ கேட்க மாட்டேன். விளக்கை அணைத்துவிட்டு அதன் நிலையை விரலால் சொல்ல முடிகிறதா? வீட்டிலிருப்பவர்களில் குள்ளமானவர் தோளில் அது இயல்பாக அமர்கிறதா? யாரையும் குறிவைக்காமலே எதிரில் நிற்பவரின் முகத்தைக் காட்டுகிறதா? பூட்டுப் பெட்டியைத் திறக்க உரியவரால் மட்டும் முடிகிறதா? வெடிக்காத போலித் தோட்டாக்களை வைத்து வாரந்தோறும் பழகி, உரிமையாளர் இதற்கெல்லாம் ஆம் என்று சொல்ல முடிந்தால், அந்தத் துப்பாக்கியைச் செய்தவரும் திருத்தியவரும் தம் தொழிலைச் செவ்வனே செய்திருக்கிறார்கள். அதன் உரிமையாளர் வாழ்நாள் முழுவதும் அதை ஒருமுறையும் சுட நேராமல் போனாலும், அந்த வேலைப்பாட்டில் ஒரு துளியும் வீணாகவில்லை.